வசனத்தை விரலால் மூடிவிட்டு

புது காமிக்ஸ் இதழ் கூரியரில் வந்தால் இரண்டு முறை படிப்பேன். கதைக்கான முதல் வாசிப்பு தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலிலேயே முடிந்துவிடும். அப்புறம் ராத்திரி வீட்டில், வசன பலூன்களை விரலால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பேன். பத்து வருடத்துக்கும் மேலாக இதுதான் பழக்கம். ஓர் இதழ் தேறுமா என்பது எனக்கு அந்த ராத்திரியில்தான் தெரியும்.

எப்போதும் தேறுகிறவர் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ் இதழ் இவரோடுதான் தொடங்கியது. நான் படித்ததெல்லாம் மறுபதிப்புகள், நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியவை. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். முகம் கிடையாது, கண் கிடையாது. கோபமோ தயக்கமோ, எல்லாவற்றையும் ஒற்றைக் கையை வைத்தே ஓவியர் காட்டியாக வேண்டும். ஹெசூஸ் பிளாஸ்கோ காட்டிவிடுகிறார். விரல்கள் லேசாக மடங்கியிருந்தால் பதுங்குகிறார், விரிந்திருந்தால் பாயப் போகிறார். மிச்சத்தை எதிரில் நிற்பவனின் முகத்தில் விழும் கறுப்பு நிழல் சொல்லிவிடும். கதையில் சில இடங்கள் இன்றைக்குப் பழசாகத் தெரிகின்றன. சித்திரம் அப்படியே இருக்கிறது.

கேப்டன் டைகர் வேறு ரகம். பிரெஞ்சில் 'புளூபெர்ரி'யாக 1963இல் வந்த கௌபாய் கதை நாயகர். எழுத்து ஷார்லியே, சித்திரம் ழான் ஜிரோ. ஷார்லியேயின் ஆட்கள் நிறையப் பேசுவார்கள். தமிழில் அந்தப் பேச்சு இன்னும் நீளும், ஆனால் பலூன் அதே அளவுதான். அதனால் எழுத்தைப் பொடியாக்கிவிடுகிறார்கள், படிக்கக் கண் வலிக்கிறது. எழுத்தைக் குறைப்பதற்குப் பதில் வசனத்தைக் குறைக்கலாம். "நான் உன்னை இங்கிருந்து உயிரோடு போக விடமாட்டேன்" என்று ஒருவன் துப்பாக்கியோடு சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கியைத்தான் ஜிரோ வரைந்திருப்பாரே! "நில்" போதும்.

டெக்ஸ் வில்லர் வந்தால் முதலில் ஓவியர் யார் என்று பார்ப்பேன். 1948இல் இத்தாலியில் பிறந்த கௌபாய் கதைக் கதாபாத்திரம், எத்தனையோ கைகள் மாறியிருக்கிறது. ஒருவர் வரைந்தால் குதிரையின் மூச்சு கேட்கும், இன்னொருவர் வரைந்தால் குதிரை நிற்கும், அவ்வளவுதான். எனக்கு டெக்ஸ் கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும். இரவுக் காட்சிகளில் தூரிகை விட்டுவைத்த வெள்ளைதான் நிலா வெளிச்சம். அதன் மேல் நீலம் பூசினால் அந்த ராத்திரியே போய்விடுகிறது.