ப்ராஜெக்டுக்கு ஒரு டிமக்ஸ் செஷன்: நெடுநாள் ஓட்டத்தில் எது தாங்குகிறது, எது உடைகிறது

டிமக்ஸ் என்பது ஒரே டெர்மினலில் பல வேலைகளைத் தனித்தனி செஷன்களாகப் பின்னணியில் ஓட்டிவைக்கும் நிரல்; ஒரு செஷனுக்குள் விண்டோக்கள், விண்டோவுக்குள் பேன் எனும் பிரிவுகள். டெர்மினலைத் திறந்து ப்ராஜெக்ட் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் எடிட்டர் ஒரு விண்டோவிலும், டெவ் சர்வர் இன்னொன்றிலும், லாக் மூன்றாவதிலும், எல்லாம் சரியான டைரக்டரியில் தயாராக நிற்க வேண்டும். அந்த ப்ராஜெக்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக எதையும் தொடங்காமல் நேரே அங்கே கொண்டுபோய் விட வேண்டும். பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. தினமும் பயன்படுத்தும்போது தொல்லை கொடுப்பது இரண்டாம் பாதியும், செஷனுக்குள் கசியும் என்விரான்மென்ட் மாறிகளும் (ஷெல் தன் நிரல்களுக்குக் கடத்தும் மதிப்புகள்)தான்.

இங்கே பேசுவது டிமக்ஸ் 3.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, எஃப்இசட்எஃப் (பட்டியலில் தேடித் தேர்ந்தெடுக்க உதவும் கருவி), ஐம்பது வரிக்குள் அடங்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பைப் பற்றி. உபுண்டு 22.04-இல் 3.2ஏ, டெபியன் 12-இல் 3.3ஏ, உபுண்டு 24.04-இல் 3.4 இருப்பதால் தனியாகக் கம்பைல் செய்யத் தேவையில்லை. உபுண்டு 20.04 தரும் 3.0ஏ-வில் பாப்அப் (திரைமேல் மிதக்கும் சிறு பெட்டி) கிடையாது. நியூ-செஷனில் -இ கொடுத்து மாறிகளை அனுப்பவும் முடியாது.

ஸ்கிரிப்டின் ஓட்டம் எளிது. டைரக்டரி பெயரிலிருந்து செஷன் பெயரை உருவாக்கு. ஹாஸ்-செஷன் கொண்டு அது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நியூ-செஷன் -டி (d) கொண்டு பின்னணியில் உருவாக்கி விண்டோக்களை அமை. கடைசியில், டிமக்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறி காலியாக இருந்தால் அட்டாச்-செஷன், இருந்தால் ஸ்விட்ச்-கிளையன்ட். இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட்டால், செஷனுக்குள் செஷன் வைப்பதில் கவனம் தேவை என்று எச்சரித்துவிட்டு டிமக்ஸ் மறுத்துவிடும். நியூ-செஷனுக்குப் பெரிய எழுத்து -ஏ கொடுத்தால் 'இருந்தால் இணை, இல்லையேல் உருவாக்கு' என்று ஒரே வரியில் முடியும்தான். ஆனால் இப்போது உருவானதா, முன்பே இருந்ததா என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. விண்டோக்களை எப்போது அமைப்பது என்பதே சிக்கலாகிவிடும்.

பெயரில்தான் முதல் பள்ளம். ஹாஸ்-செஷன் -டி (t) கடை என்று கேட்டால், 'கடை-அட்மின்' மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும் 'இருக்கிறது' என்று பதில் வரும். டிமக்ஸ் பெயரின் தொடக்கம் பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்கிறது. துல்லியமாகப் பொருந்த வேண்டுமானால் பெயருக்கு முன்னால் = சேர்க்க வேண்டும். இசட்ஷெல் என்ற ஷெல் வகையில் அதை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால், ஷெல்லே = குறியைக் கட்டளையின் பாதையாக விரிக்கப் பார்த்து பிழை காட்டும். சென்ட்-கீஸ் போன்று பேனை இலக்காகக் கேட்கும் கட்டளைகளில் = போட்ட பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் அப்படி ஒரு பேன் இல்லை என்று சொல்லும்.

புள்ளியும் அப்படியே. இலக்கு முகவரியில் செஷன், விண்டோ, பேன் மூன்றையும் பிரிக்க முக்காற்புள்ளியும் புள்ளியும் பயன்படுவதால், பெயரில் அவை வந்தால் டிமக்ஸ் அடிக்கோடாக மாற்றிவிடும். டைரக்டரி பெயர் 'கடை.காம்' என்றால் செஷன் 'கடை_காம்' ஆகிறது. ஸ்கிரிப்டோ புள்ளியோடு தேடுகிறது, கிடைக்கவில்லை, மறுபடி உருவாக்கப் போய் 'டூப்ளிகேட் செஷன்' என்று விழுகிறது. பெயரை உருவாக்கும் இடத்திலேயே புள்ளியை அடிக்கோடாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் 'ஏபிஐ' என்றே டைரக்டரி இருந்தால் பிழை எதுவும் வராது, தவறான ப்ராஜெக்டுக்குள் போய் நிற்பீர்கள். மேல் டைரக்டரி பெயரையும் முன்னொட்டாகச் சேர்த்துவிடுவது நல்லது.

பேன் அளவு பலரைக் குழப்பும். பின்னணியில் உருவாகும் செஷனின் இயல்பு அளவு 80 பத்தி (எழுத்து அகலம்), 24 வரி. அதன் அகலத்தை 70க்கு 30 சதவீதம் என்று பிரித்தால் ஏறத்தாழ 55, 24 பத்திகள் வரும். பிறகு 200 பத்தி அகலமுள்ள டெர்மினலில் இணைக்கும்போது, கூடுதலாகக் கிடைக்கும் 120 பத்திகளை டிமக்ஸ் இரண்டு பேனுக்கும் சமமாகப் பங்கிடுகிறது, விகிதப்படி அல்ல. 115, 84 என்று ஆகி, கேட்ட 70 சதவீதம் 58 ஆகச் சுருங்கிவிடும். பேன்கள் அதிகமானால் இடமே இல்லை என்று உருவாக்கமே நின்றுவிடும். நியூ-செஷனுக்கு -எக்ஸ், -ஒய் கொடுத்து உண்மையான அளவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து அழைத்தால் டிபுட் கட்டளை அளவைத் தரும். பாப்அப்பிலிருந்து அழைத்தால் டிபுட் அந்தப் பாப்அப்பின் அளவைத்தான் சொல்லும். டிஸ்ப்ளே-மெசேஜ் -பி மூலம் நடப்பு விண்டோவின் அகலத்தையும் உயரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எண்களை இலக்காக எழுதவே வேண்டாம். விண்டோ 0 என்று எழுதிய ஸ்கிரிப்ட், பேஸ்-இண்டெக்ஸை 1 என்று வைத்திருப்பவரின் கணினியில் உடனே விழும். விண்டோக்களுக்குப் பெயர் கொடுங்கள். பேன்களுக்கு, ஸ்பிளிட்-விண்டோவில் பெரிய -பி, பெரிய -எஃப் சேர்த்துப் பேன் அடையாளத்தை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள். சதவீதக் குறியோடு வரும் அந்த அடையாளம் அந்தப் பேன் இருக்கும்வரை மாறாது.

அடுத்தது கட்டளைகளை ஓட்டுவது. அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சென்ட்-கீஸ் என்பது அந்தப் பேனில் யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்வது போலத்தான்; எதிரே ஷெல் தயாராக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. என்விஎம் (நோட் பதிப்புகளை மாற்றும் கருவி) போன்ற மெதுவான தொடக்கங்களால் ப்ராம்ப்ட் வரத் தாமதமானாலும் எழுத்துகள் காத்திருக்கும், பெரும்பாலும் கட்டளை ஒழுங்காகவே ஓடும். தொடக்கக் கோப்பே ஏதாவது கேள்வி கேட்டால்தான் வினை. 'புதுப்பிக்கவா' என்று ஓ-மை-இசட்ஷெல் (இசட்ஷெல்லுக்கான அமைப்புத் தொகுப்பு) கேட்கும் கேள்விக்கு உங்கள் கட்டளையின் முதல் எழுத்து பதிலாகப் போய்விடலாம். தொடக்கக் கோப்பில் எஸ்எஸ்ஹெச்-ஆட் (எஸ்எஸ்ஹெச் சாவியை ஏற்றும் கட்டளை) இருந்தால், டெவ் சர்வர் கட்டளை கடவுச்சொல்லாகப் போய்ச் சேரக்கூடும். ஸ்லீப் 1 என்று இடையில் சேர்ப்பது மருந்தாகாது. கேள்வி கேட்கும் எதையும் தொடக்கக் கோப்பிலிருந்து எடுப்பதுதான் வழி.

மாற்றாக, கட்டளையை ஸ்பிளிட்-விண்டோவுக்கே நேரடியாகக் கொடுக்கலாம். அப்போது அது ஊடாடாத ஷெல்லில் ஓடுகிறது. இசட்ஷெல் தன் இசட்ஷெல்ஆர்சி கோப்பைப் படிக்காது. அங்கே ஏற்றப்படும் என்விஎம், பைஎன்வ் (பைத்தானுக்கு அதேபோன்ற கருவி) எதுவும் இருக்காது. டெர்மினலில் ஓடும் கட்டளை ஸ்கிரிப்டில் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' ஆவது இதனால்தான். போதாக்குறைக்கு, கட்டளை பிழையோடு முடிந்தால் பேனும் மூடிக்கொள்ளும், பிழைச் செய்தியைப் படிக்கக்கூட வாய்க்காது. அந்தப் பேனுக்கு ரிமைன்-ஆன்-எக்ஸிட் வைத்தால் செத்த பேன் திரையிலேயே நிற்கும். ரெஸ்பான்-பேன் கொடுத்தால் அதே கட்டளை மறுபடி எழும். லாக் பார்ப்பது, கோப்பு மாற்றங்களைக் கவனிப்பது போன்ற மாறாத வேலைகளுக்கு இந்த முறை. எடிட்டருக்கும் மனிதர் கைவைக்கும் பேன்களுக்கும் சென்ட்-கீஸ்.

மூன்றாவதாக ஒரு பழக்கம் உண்டு, அதைத்தான் அதிகம் பரிந்துரைப்பேன்: கனமான கட்டளைகளை எண்டர் இல்லாமல் அனுப்பி வைப்பது. டாக்கர் கம்போஸ் அப், டேட்டாபேஸ் மைக்ரேஷன் இவையெல்லாம் ப்ராம்ப்டில் எழுதப்பட்டுக் காத்திருக்கும்; தேவைப்படும்போது எண்டர் மட்டும் தட்டினால் போதும். ஒரு கோப்பைப் பார்க்க மட்டும் செஷனைத் திறந்தவருக்கு ஐந்து கன்டெய்னர்கள் எழ வேண்டிய அவசியமில்லை. டிமக்ஸ் போன்ற இன்னொரு நிரலான ஜெல்லிஜ் இதையே லேஅவுட் கோப்பில் 'ஸ்டார்ட்_சஸ்பெண்டட்' என்று ஒரு சொத்தாக வைத்திருக்கிறது. நல்ல வடிவமைப்பு.

என்விரான்மென்ட் கசிவு தாமதமாகத்தான் தெரியும், தெரியும்போது காரணம் புரியாது. டிமக்ஸ் சர்வர் ஒன்றே ஒன்றுதான். முதல் செஷன் எந்த ஷெல்லில் தொடங்கியதோ அதன் மாறிகள் அத்தனையும் உலகப் பொது மாறிகளாக அதனுள் தங்கிவிடும். டைர்என்வ் (டைரக்டரிக்கு ஏற்ப மாறிகளை ஏற்றும் கருவி) பயன்படுத்தும் ஒருவர், முதல் ப்ராஜெக்டின் டைரக்டரிக்குள் நின்றபடியே டிமக்ஸைத் தொடங்கினால், அந்த ப்ராஜெக்டின் டேட்டாபேஸ் முகவரி அன்று திறக்கும் மற்ற எல்லா செஷன்களிலும் இருக்கும். சோதனைகள் வேறொரு டேட்டாபேஸில் போய் ஓடும். டைர்என்வ் எக்ஸெக் / டிமக்ஸ் என்று ஓர் அலியாஸ் வைத்துவிட்டால், மூல டைரக்டரியின் சூழலில், அதாவது ப்ராஜெக்ட் மாறிகள் எதுவும் இல்லாமல், சர்வர் எழும். ஏற்கெனவே கசிந்திருக்கிறதா என்று ஷோ-என்விரான்மென்ட் -ஜி காட்டும். செட்-என்விரான்மென்ட் -ஜியு நீக்கும், ஆனால் திறந்திருக்கும் பேன்களில் பழையது அப்படியே இருக்கும்.

தொலைசர்வரில் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் (சாவிகளை வைத்திருக்கும் நிரல்) வேலை செய்யாமல் போவதும் இதே குடும்பம். மறுபடி உள்நுழையும்போது ஏஜென்ட் சாக்கெட்டின் பாதை மாறுகிறது, பழைய பேன்கள் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். நிலையான பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) வைத்து, உள்நுழையும்போதெல்லாம் அதைப் புதிய சாக்கெட்டுக்குத் திருப்பிவிட்டு, டிமக்ஸுக்குச் சிம்லிங்கை மட்டும் காட்டுங்கள்.

மேக் கணினியில் கூடுதலாக ஒன்று: டிமக்ஸ் ஒவ்வொரு பேனிலும் லாகின் ஷெல்லைத் திறப்பதால் மேக்கின் பாத்-ஹெல்பர் மறுபடி ஓடி, பாத் வரிசையை (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் வரிசை) கலைத்து, சிஸ்டம் டைரக்டரிகளை முன்னால் கொண்டுவந்துவிடும். வெர்ச்சுவல்என்வ் (ப்ராஜெக்டுக்கான தனி பைத்தான் சூழல்) செயலில் இருந்தும் வேறு பைத்தான் ஓடுவதற்கு இதுவே காரணம். டிஃபால்ட்-கமாண்டில் ஷெல்லின் பெயரை மட்டும் கொடுத்தால் லாகின் ஷெல்லாகத் திறக்காது.

இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது? ஷெல்லின் ஆர்சி கோப்பில் 'எக்ஸெக் டிமக்ஸ்' எழுதுவதைத் தவிருங்கள். விஎஸ் கோட் தன் சூழலை அறிய பின்னணியில் ஒரு ஷெல்லைத் திறக்கும். அது டிமக்ஸில் போய் மாட்டிக்கொண்டு, ஷெல் சூழலைப் பெற முடியவில்லை என்று புலம்பும். தொலைசர்வரில் டிமக்ஸ் அமைப்பு உடைந்தால் உள்ளே நுழையவே வழி அடைபடும். எஸ்எஸ்ஹெச் -டி (t) கொடுத்து பாஷை நோ-ஆர்சியோடு அழைத்தால்தான் மீள முடியும். அலாக்ரிட்டி, கிட்டி, வெஸ்டெர்ம் ஆகிய டெர்மினல் நிரல்களின் சொந்த அமைப்புக் கோப்பிலேயே எந்த ஷெல்லைத் திறப்பது என்று சொல்லலாம். அங்கே ஸ்கிரிப்டைக் கொடுத்தால் மற்ற நிரல்கள் பாதிக்கப்படுவதில்லை.

தயார் கருவிகளைப் பொறுத்தவரை, டிமக்ஸினேட்டர் யாமல் கோப்பில் எல்லாவற்றையும் எழுதவிடுகிறது. அதன் 'டீபக்' கட்டளை தான் உருவாக்கும் ஷெல் ஸ்கிரிப்டை அப்படியே காட்டும். சொந்த ஸ்கிரிப்ட் எழுதக் கற்க அதைவிட நல்ல வழி இல்லை. ரூபி ஜெம்மாக நிறுவினால், ரூபி பதிப்பு மாறும்போதெல்லாம் காணாமல் போகும் என்பதே குறை. டிமக்ஸ்பி பைத்தானில் எழுதப்பட்டது. கையால் அமைத்த செஷனை 'ஃப்ரீஸ்' செய்து கோப்பாக எடுக்கலாம், வருவதை வெட்டிச் சீர்செய்ய வேண்டும். ஸ்மக் கோ மொழியில் ஒற்றை பைனரி, சார்பு எதுவும் இல்லை. டிமக்ஸ்-ரெஸரெக்ட் தீர்ப்பது வேறு பிரச்சினை: ரீபூட்டுக்கு முன் இருந்த நிலையை மீட்பது. இயல்பாக விம், லெஸ், டெயில், டாப் போன்ற சில நிரல்களை மட்டுமே மீண்டும் ஓட்டும். ப்ராஜெக்ட் ஸ்கிரிப்ட் இருப்பவருக்கு அதன் தேவை குறைவு. இரண்டும் சேர்ந்திருந்தால், மீட்கப்பட்ட அரைகுறை செஷனைப் பார்த்து ஸ்கிரிப்ட் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒதுங்கிவிடும்.

ப்ராஜெக்ட் வாரியான அமைப்புக் கோப்பை ரெப்போவுக்குள் வைத்து, ஸ்கிரிப்ட் அதைத் தானாக இயக்கும்படி விடாதீர்கள். யாரோ எழுதிய ரெப்போவை க்ளோன் செய்து பட்டியலில் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் அவர் எழுதியது உங்கள் கணினியில் ஓடும். ஹோம் டைரக்டரியின் கான்ஃபிக் பகுதியில் செஷன் பெயரிலேயே கோப்பு வைப்பது பாதுகாப்பு.

மூடுவதையும் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். கில்-செஷன் ஹேங்கப் சிக்னலை மட்டும் அனுப்புகிறது. பின்னணியில் எழுப்பிய கன்டெய்னர்கள் நிற்காது. தாய் செயலியிலிருந்து விலகிய நோட் செயலி 3000-ஆம் போர்ட்டைப் பிடித்தபடியே இருக்கும், மறுநாள் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' வரும். நிறுத்தும் ஃபங்ஷன் முதலில் ஒவ்வொரு பேனுக்கும் கன்ட்ரோல்-சி அனுப்பி, இரண்டு வினாடி பொறுத்து, கம்போஸ் டவுன் முடிந்தபின் கில்-செஷன் கொடுக்க வேண்டும். கூடவே டிடாச்-ஆன்-டெஸ்ட்ராய் ஆஃப் என்று வைத்தால், செஷன் போனதும் டெர்மினலும் மூடாமல் மிச்சமிருக்கும் செஷன்களில் கடைசியாகப் பயன்படுத்தியதற்கு மாறிக்கொள்ளும்.