எரிந்த சரிவில் நான்கு மழைக்காலங்கள்: எது நின்றது, எது அடித்துக்கொண்டு போனது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறும் சரிவில் புதர்த் தீ பரவி, அதற்கப்புறம் நான்கு மழைக்காலங்கள் போய்விட்டன. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடம். சில பகுதிகளில் கையை ஊன்றித்தான் ஏற முடியும், அவ்வளவு செங்குத்து. அந்த மண்ணைப் பிடித்து நிறுத்த வைக்கோல் மூடாக்கு (மண்ணின் மேல் போர்வை மாதிரிப் பரப்புவது), வைக்கோல் உருளை, தென்னை நார் வலை, மரக்கட்டை, மணல் மூட்டை, புல் விதை என்று கைக்கு எட்டிய எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு, முதல் மழை எப்போது வருமோ என்று கலங்கி நிற்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த வாரத்தில் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

முதலில், பொருள் எதையும் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மண்ணை. தீ அணைந்து மூன்றாம் நாள் மாலை, சரிவின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். காற்று இல்லை, மழை இல்லை. ஆனாலும் மேலிருந்து சரசரவென்று ஓயாத சத்தம். கூழாங்கல்லும் பொடிமண்ணும் தானாகவே உருண்டு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு செடியின் தூருக்குப் பின்னாலும் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மண் சேர்ந்திருக்கும். தூர் எரிந்து போனதும் அந்த மண்ணுக்குத் தாங்கல் இல்லை. நான் ஏறிப் பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் கால் வைத்த இடமெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. அதனால் முதல் அறிவுரை: தேவையில்லாமல் சரிவில் நடக்காதீர்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் ஒரே தடத்தில் போய் வாருங்கள், கையில் ஒரு கம்பால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள். வேர்கள் மண்ணுக்கு அடியிலேயே எரிந்து போன இடங்களில் மேலே மண் மூடியிருக்கும், உள்ளே வெறும் பொந்து. முழங்கால் வரை எனக்கு ஒருமுறை உள்ளே போனது.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. சாம்பலை விரலால் விலக்கிவிட்டு மண்ணின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உள்ளே இறங்கவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டையாக, தூசியைப் போர்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நாற்பது எண்ணும்வரை பார்த்தேன், அசையவில்லை. ஐந்து விநாடிக்கு மேல் சொட்டு நின்றாலே அந்த மண் தண்ணீரை ஏற்காத மண் என்று கணக்கு. இலையிலும் சருகிலும் உள்ள மெழுகுப் பசை தீயில் ஆவியாகி, மண்ணுக்குள் இறங்கி, சற்றுக் குளிர்ந்த ஆழத்தில் மண் துகள்கள் மேல் மறுபடி படிந்துவிடுவதால் இப்படி ஆகிறது. அதனால் மேலே சோதித்து, தண்ணீர் இறங்கினால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை தோண்டி மறுபடியும் சொட்டு விட்டுப் பாருங்கள். எங்கள் சரிவில் பல இடங்களில் அந்த அடுக்கு கீழேதான் ஒளிந்திருந்தது. சாம்பலின் நிறமும் சேதி சொல்லும். கரிந்த குச்சிகள் மிஞ்சிக் கறுப்பாக இருந்த பகுதியில் தீ மேலோட்டமாகப் போயிருந்தது. வெள்ளைச் சாம்பலும், அதற்கடியில் செங்கல் மாதிரிச் சிவந்த மண்ணும் இருந்த இடங்களில்தான் நுனிவேர்கூட மிஞ்சவில்லை. பொருளையும் உழைப்பையும் முதலில் அங்கேதான் கொட்ட வேண்டும். எனக்கு அது இரண்டாம் வருடம்தான் தெரிந்தது.

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. பார்க்கச் சுடுகாடு மாதிரி இருக்கிறதே என்று சரிவின் இடது ஓரத்தில் கரிக்கட்டைகளை எல்லாம் பிடுங்கிச் சுத்தம் செய்தேன். அவற்றில் பாதி உயிரோடு இருந்தவை. பிடுங்காமல் விட்ட பக்கத்தில், மழைக்கு முன்னாலேயே அடித்தூரிலிருந்து துளிர் விட்டுவிட்டது. பிடுங்கிய பக்கம் இன்றைக்கும் மொட்டையாக இருக்கிறது. எரிந்த புதர் செத்த புதர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செத்தே போயிருந்தாலும் அதன் வேர் இன்னும் சில வருடங்களுக்கு மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வீட்டின் மேலோ வழியின் மேலோ சாயக்கூடிய மரம் என்றால் மட்டும் வெட்டலாம், அதுவும் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு.

சரி, பொருட்களுக்கு வருகிறேன். நான்கு வருடம் கழித்து ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் மூடாக்கைத்தான் சொல்வேன். மழைத்துளி வெறும் மண்ணில் நேராக அடிப்பதுதான் அரிப்பின் தொடக்கம். துளி விழும் வேகத்தில் மண் சிதறுகிறது, சிதறிய நுண்துகள் சந்துகளை அடைக்கிறது, அடைபட்ட மண்ணின் மேல் தண்ணீர் வழிகிறது. வைக்கோல் அந்த முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. முதல் மழைக்காலத்துக்கு நடுவில், வைக்கோல் போட்ட பகுதியையும் போடாத பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போடாத இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கீறல்கள் மேலிருந்து கீழ்வரை ஓடின. போட்ட இடத்தில் கைவிட்டு விலக்கிப் பார்த்தால் அடியில் சாம்பல்கூடக் கலையாமல் இருந்தது.

எவ்வளவு போடுவது என்பதில் ஒரு நிதானம் வேண்டும். தரையில் முக்கால் பாகம் மூடினால் போதும், இடையிடையே மண் கண்ணுக்குத் தெரியலாம். பயத்தில் நான் சில இடங்களில் ஒரு சாண் கனத்துக்குக் கொட்டினேன். அங்கே துளிர்கள் மேலே வர முடியாமல் அழுகின. நெல் வைக்கோல் கிடைத்தால் அதுவே நல்லது. அதில் ஒளிந்து வரும் களை விதைகள் பெரும்பாலும் சேற்று வயலின் களைகள், காய்ந்த மலைச்சரிவில் பிழைப்பது கடினம். முதல் வருடம் வேறு தானிய வைக்கோல் வாங்கி, இரண்டு வருடம் களை பிடுங்கினேன். வைக்கோலின் குறை காற்று. சரிவின் உச்சியில் போட்டதெல்லாம் ஒரே வாரத்தில் கீழே வந்து குவிந்துவிட்டது. உச்சிக்கு மட்டும் அப்புறம் மரச்சீவல் போட்டேன். நீள நீளமாகக் கிழித்த சீவலாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். உருண்டைச் சில்லுகள் தண்ணீரில் மிதந்து ஓடிவிடுகின்றன. கிழித்த சீவல் மூன்றாம் மழைக்காலத்திலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

புல் விதை பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. சீக்கிரம் முளைத்து மண்ணைப் பிடிக்கும் என்று சொல்லி விற்ற கலவையை மேலெல்லாம் தூவினேன். முதல் கனமழை அதை அப்படியே அள்ளிக் கீழே கொண்டுவந்தது. சரிவின் அடியில், வண்டல் விசிறி மாதிரி விரிந்த இடத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று புல். மேலே ஒன்றும் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் தீக்குப் பிந்தைய சிகிச்சைகளை அளந்து 2000-லும் 2010-லும் வெளியிட்ட மதிப்பீடுகளில் இதையே சொல்லியிருக்கிறார்கள்: முதல் மழைக்காலத்தில் விதைத் தூவல் அரிப்பைக் குறைப்பதை நம்ப முடியாது, உலர்ந்த மூடாக்குதான் நம்பகமானது. விதை முளைத்து வேர்விட நாள் வேண்டும், மழை அதுவரை பொறுத்திருக்காது. முளைத்தாலும் வந்தேறிப் புல் நெருக்கியடித்து, தானாக வரவேண்டிய செடிகளை வரவிடாமல் செய்யும். காய்ந்தால் அடுத்த தீக்கும் அதுவே விறகு.

வைக்கோல் உருளைகள் எனக்கு முதலில் கெடுதலும் பிறகு நல்லதும் செய்தன. வலைக்குள் வைக்கோலை அடைத்துச் செய்த, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் விட்டமுள்ள நீளக் குழாய் மாதிரி இருக்கும். சரிவுக்குக் குறுக்கே போட்டால் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மண்ணை வடிகட்டும். நான் கண் மதிப்பில் குறுக்காகப் போட்டேன். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தது, தண்ணீருக்கு அப்படி இல்லை. உருளையை ஒட்டியே ஓடி, ஒரு முனையில் மொத்தமாகச் சேர்ந்து, அங்கே இடுப்பளவு பள்ளம் பறித்துவிட்டது. உருளையே போடாமல் விட்டிருந்தால் அந்தப் பள்ளம் வந்திருக்காது. அடுத்த வருடம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்துக்கொண்டு இரண்டு பேராக நின்று ஒவ்வொரு கெஜமாக மட்டம் குறித்தோம். நான்கு விரல் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, உருளையை அதில் அழுத்திப் பதித்து, ஒரு மீட்டருக்கு ஒரு முளை அடித்து, மேல்பக்கம் மண்ணைக் கிட்டித்து, இரண்டு முனைகளையும் மேல்நோக்கி வளைத்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு உருளைகூட ஏமாற்றவில்லை. அடியில் ஒரு விரல் இடுக்கு இருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும், அதனால் பதிப்பதில் சோம்பல் கூடாது. எரிந்த மரங்களையே வெட்டிக் குறுக்கே போட்டதும் இதே கதைதான். மரம் நேராக இருக்கும், மலை மேடுபள்ளமாக இருக்கும், பாதிக் கட்டைகளுக்கு அடியில் தண்ணீர் புகுந்து போனது. நன்றாகப் பதிந்தவை மட்டும் இன்னும் நிற்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் வாங்கிய உருளைகளின் வலை பிளாஸ்டிக். ஒரு நாள் காலையில் அதன் கண்ணிக்குள் பாதி உடல் நுழைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் ஒரு பாம்பு கிடந்தது. செதில்களுக்கு நடுவில் இழை வெட்டி இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி விடுவித்தேன், பிழைத்ததா என்று தெரியாது. தீயில் தப்பித்த உயிரை நான் போட்ட பொருள் சிக்கவைத்தது என்பது இன்னும் உறுத்துகிறது. சணலோ தென்னை நாரோ கொண்டு பின்னிய வலை கிடைக்கிறது. அதை மட்டும் வாங்குங்கள்.

தென்னை நார் வலையை மிகச் செங்குத்தான ஒரு பட்டைக்கு மட்டும் பயன்படுத்தினேன். பணத்துக்கும் உழைப்புக்கும் அது கனமான வேலை. உச்சியில் ஒரு கால்வாய் வெட்டி வலையின் நுனியைப் புதைத்து, மேலிருந்து கீழாக உருட்டி, மண்ணோடு ஒட்டும்படி அங்கங்கே முளை அடிக்க வேண்டும். கூடாரம் மாதிரித் தூக்கி நின்றால் அடியில் மண் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், மேலே நமக்குத் தெரியாது. சணல் வலை ஒரு வருடத்தில் மக்கிப் போனது. தென்னை நார் நான்காம் மழைக்காலம் முடிந்தும் இருக்கிறது. இப்போது கையால் இழுத்தால் பிய்கிறது, ஆனால் அதற்குள் செடிகளின் வேர் அதன் ஊடாக இறங்கிவிட்டது.

மணல் மூட்டைகள் தண்ணீரைத் திருப்பிவிடத்தான், மண்ணைப் பிடிக்க அல்ல. வெயிலில் சாக்கு ஒரே வருடத்தில் நைந்துபோகும். திருப்பும்போது எங்கே திருப்புகிறோம் என்பதும் முக்கியம். முதல் வருடம் நான் அடுக்கிய வரிசை, கீழ் வீட்டு அக்காவின் சமையலறைப் பக்கம் சேற்றைத் தள்ளிவிட்டது. “தம்பி, உன் மலையைக் காப்பாத்த என் வீட்டுக்குள்ள விடாதே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே வரிசையைக் கலைத்து, இருவருமாக உட்கார்ந்து, தண்ணீர் இயல்பாக ஓடும் ஓடைக்கே போகும்படி மாற்றி அடுக்கினோம். சரிவை பிளாஸ்டிக் தாளால் மூடச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். அதன் மேல் விழும் தண்ணீர் முழுவதும் ஒரு சொட்டு இறங்காமல் விளிம்பில் வந்து கொட்டும்.

இவ்வளவு சொன்னாலும், இவை எதுவும் சேற்று வெள்ளத்தைத் தடுக்காது. கலிபோர்னியாவில் தாமஸ் தீ 2017 டிசம்பரில் மலைகளை எரித்தது. 2018 ஜனவரி 9 அன்று மான்டிசிட்டோவில் பாறையும் மரமும் சேறுமாக இறங்கிய வெள்ளத்தில் 23 பேர் இறந்தார்கள். அன்று மழை ஒரு நாள் முழுக்கக் கொட்டவில்லை. சில நிமிடங்கள் மிகக் கடுமையாக அடித்தது, அவ்வளவுதான். மொத்த மழை அளவைவிட, குறைந்த நேரத்தில் எவ்வளவு கொட்டுகிறது என்பதுதான் ஆபத்து. முதல் இரண்டு வருடம் அந்த ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஓடை வாயில் வீடு இருந்தால், எச்சரிக்கை வந்ததும் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வைக்கோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மழையில் சரிவில் ஏறாதீர்கள்.

மூன்றாம் வருடம் சரிவு பச்சையாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பிறை வடிவத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. செத்த மரங்களின் வேர் மக்கத் தொடங்கும் காலம் அது. மேலரிப்பு குறைந்திருக்கும், ஆனால் ஆழத்தில் மண்ணைக் கட்டி வைத்திருந்த வேர் பிடிப்பு தளர்ந்துவிடும். புதிய வேர்கள் அந்த ஆழத்துக்குப் போவதற்குள் பாளமாகச் சரியலாம். விரிசலுக்கு மேல் வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பினேன், மண் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டினேன், அந்த மலையிலேயே இயல்பாக வளரும் ஆழ்வேர்ச் செடிகளின் கன்றுகளை நட்டேன். குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சவில்லை. ஏற்கெனவே தளர்ந்த சரிவுக்கு ஈரம் கூடுதல் பாரம். வெட்டிவேர் வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். அதன் வேர் மூன்று மீட்டருக்கும் கீழே இறங்கும், ஆங்கிலத்தில்கூட நம் தமிழ்ப் பெயர்தான் அதற்கு. வெட்டி அமைத்த கரைக்கும் வழியோரத்துக்கும் அருமையான செடி. இயற்கையான புதர்க்காடு மீண்டு வரும் இடத்தில் மட்டும் நான் வைக்கவில்லை, அங்கே வரவேண்டியது அங்கே ஏற்கெனவே இருந்தது.

சரிவின் அடியில் ஒரு வண்டல் வேலி, அதாவது அடித்துக்கொண்டு வரும் மண்ணைத் தடுத்து நிறுத்தும் வேலி, கட்டியிருக்கிறேன். பாதி உயரம் நிரம்பியதும் அள்ளிவிட வேண்டும். முதல் மழைக்காலத்தில் பதினோரு முறை அள்ளினேன். இந்த வருடம் இரண்டே முறை, இரண்டு முறையும் வந்த மண் நான் கட்டைகளைப் பிடுங்கிய அந்த இடது ஓரத்து மண். அடுத்த வாரம் அங்கே மறுபடியும் மூடாக்குப் போடப் போகிறேன். விரிசலுக்கு இரண்டு பக்கமும் அடித்த முளைகளின் இடைவெளியை மாதம் ஒருமுறை நாடா வைத்து அளக்கிறேன். போன ஏழு மாதமாக அது மாறவில்லை.