கூத்துப் பதிவை ரீப்பரில் வெட்டலாமா? கியூபேஸிலிருந்து மாறுவோருக்கான மதிப்பீடு

ரீப்பரும் கியூபேஸும் கணினியில் ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் மென்பொருள்கள். வன்னியில் பல ட்ராக் பதிவு, அதாவது ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிவது, என்றால் பெரும்பாலும் மேடைப் பதிவுதான். விடிய விடிய ஆடும் கோவலன் கூத்து, பொங்கலுக்கு வரும் நாதஸ்வரக் கூட்டம், தேவாலயப் பாடகர் குழு. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், கிளிக் (காதில் ஒலிக்கும் தாளக் கணக்கு) கிடையாது, மத்தளம் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மைக்கிலும் விழும். இந்த வேலைக்கு ரீப்பர் நன்றாகப் பொருந்துகிறது. நிறுவியபடியே வைத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினால் மட்டும் முதல் அரை மணிக்குள் பதிவு குழம்பும்.

பழைய கியூபேஸ் புரோ, 11 ஆம் பதிப்பு வரை, யூஎஸ்பி டொங்கிள் (உரிமத்தைக் காட்டும் சிறு குச்சி) இல்லாமல் திறக்காது. ரீப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் நிறுவி 20 எம்பிக்குள் அடங்கும். போன் டேட்டாவிலேயே இறக்கலாம். தனியாள் பாவனைக்கும் ஆண்டு வருமானம் 20,000 டொலரைத் தாண்டாத தொழிலுக்கும் 60 டொலர், பெரிய நிறுவனங்களுக்கு 225. பரீட்சித்துப் பார்க்க 60 நாள். அதன் பிறகும் மென்பொருள் பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போது நினைவூட்டல் மட்டும் வரும். அதைச் சாட்டி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் நம்மூரில் நிறையப் பேர். கூலிக்கு வேலை செய்பவர்கள் அந்தக் காசைக் கட்டத்தான் வேண்டும்.

கியூபேஸ் கோப்பை ரீப்பர் திறக்காது. மென்பொருள்களுக்கிடையே வேலையை மாற்றப் பயன்படும் ஏஏஎஃப், ஓஎம்எஃப் கோப்புகளையும் நேரடியாக வாங்காது. ஆகவே மாறுவதற்கு முன்பு கியூபேஸிலேயே ஒவ்வொரு ட்ராக்கையும் தனி வேவ் கோப்பாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இன்சர்ட்டில் உள்ள எஃபெக்டுகளை அதற்கு முன் அணையுங்கள், இல்லாவிட்டால் அவை பதிவோடு ஒட்டிக்கொண்டு வரும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், மோனோ என்றால் ஒரு ட்ராக்குக்கு மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி. 16 ட்ராக், இரண்டு மணி நேரம் என்றால் 16 முதல் 17 ஜிபி.

எக்ஸ்32 மிக்ஸரின் எக்ஸ்-லைவ் கார்டில் 32 சேனலும் பதிந்தவர்களுக்கு வேறு சிக்கல். அது எல்லாச் சேனலையும் ஒரே கோப்பில் போட்டு, 4 ஜிபிக்கு ஒன்றாகத் துண்டாக்கும். ஒரு துண்டு பதினொன்றரை நிமிடம் அளவில் வரும். துண்டுகளை ஒரே ட்ராக்கில் வரிசையாக இறக்கி, ஐட்டம் மெனுவில் உள்ள 'எக்ஸ்ப்ளோட் மல்டிசேனல்' கட்டளையைக் கொடுத்தால் தனித்தனி ட்ராக்காகப் பிரியும். துண்டும் துண்டும் சேரும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரீப்பர் தானாகப் போடும் 10 மில்லிசெக்கன் ஃபேட் (சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குவது) அங்கே விழுந்திருந்தால் சத்தம் ஒரு கணம் குழியும். அதைச் சுழியமாக்கிய பிறகே குளூ செய்யுங்கள், அதாவது துண்டுகளை ஒன்றாக ஒட்டுங்கள்.

இனி மாற்றவேண்டியவை. ஆல்ட்+என்டரில் திறக்கும் புரொஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸ் 'பீட்ஸ்' என்று இருக்கும், அதை 'டைம்' ஆக்குங்கள். மாற்றாமல் விட்டால், யாராவது டெம்போப் பெட்டியைத் தெரியாமல் தொட்டதும் முழுக் கூத்தும் இழுபடும். ஆல்ட்+எஸ் அழுத்தி, வெட்டைத் திரையின் தாளக் கட்டங்களோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பை நிறுத்துங்கள். கிளிக் இல்லாத பதிவில் அந்தக் கட்டங்களுக்கு அர்த்தமில்லை, வெட்டு மட்டும் தள்ளிப்போய் விழும். பென் ட்ரைவிலிருந்து இழுத்துப் போட்ட கோப்பை ரீப்பர் பிரதி எடுக்காது, இருக்கும் இடத்திலேயே வாசிக்கும். ட்ரைவைக் கழற்றினால் எல்லா ட்ராக்கும் ஊமை. சேவ் அஸ் பெட்டியில் கோப்புகளைப் புரொஜெக்ட் ஃபோல்டருக்குள் பிரதி எடுக்கும் தெரிவைக் குறியிடுங்கள். கரண்ட் போய்ப்போய் வரும் ஊர்களில் தானாகச் சேமிக்கும் ஓட்டோ சேவ் வசதியையும் கையோடு போட்டுவிடுங்கள்.

மாறியவர்கள் அதிகம் விழும் பள்ளம் ரிப்பிள்: ஒரு துண்டை அழித்ததும் பின்னால் உள்ளவற்றை முன்னே இழுத்து இடைவெளியை மூடும் வசதி. ஆல்ட்+பி (Alt+P) அழுத்த அழுத்த மூன்று நிலை மாறும்: நிறுத்தம், அந்த ட்ராக் மட்டும், எல்லா ட்ராக்கும். மைக் மாற்ற நின்ற நாற்பது செக்கனை எடுக்க வேண்டும் என்று வையுங்கள். எஸ் விசை, ஐட்டம் (ட்ராக்கில் உள்ள ஒலித் துண்டு) ஏதும் தெரிவாகாதபோது எல்லா ட்ராக்கையும் வெட்டும். ஒன்று தெரிவாகியிருந்தால் அதை மட்டும் வெட்டும். அப்படி ஒரு ட்ராக்கை மட்டும் வெட்டி, எல்லா ட்ராக் ரிப்பிளில் அழித்தால், வெட்டுப்படாத நீண்ட ட்ராக்குகள் இருந்த இடத்திலேயே நிற்கும், வெட்டியது மட்டும் முன்னே ஓடிவிடும். அந்த இடத்தில் கேட்டால் உடனே தெரியாது. பின்னால் மத்தளம் இரட்டையாக அடிக்கும்போதுதான் தெரியவரும். எனவே முதலில் எல்லா ஐட்டத்தையும் தெரிவுசெய்து ஜி விசையால் குழுவாக்குங்கள். வெட்டிய பின், பதிவின் கடைசிக்குப் போய் இரண்டு மைக்கில் விழுந்த ஒரே அடி நேர்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ரிப்பிளை நிறுத்தி வையுங்கள்.

வெட்டும் இடத்தைத் தேட டாப் (Tab) விசை உதவும்; தெரிவான ஐட்டத்தில் அடுத்த அடிக்குத் தாவும். அடியின் மேலே வெட்டாமல் அதற்குச் சற்று முன்னே வெட்டுங்கள், இரு துண்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் கிராஸ்ஃபேட் 15 முதல் 30 மில்லிசெக்கன் போதும். கைத்தாளம் ஒலித்துக்கொண்டிருந்தால் அவ்வளவு போதாது: 200 வரை நீட்டி, ஈக்குவல் பவர் வளைவைத் தெரிவுசெய்தால் நடுவில் சத்தம் இறங்காது. ஹார்மோனியம் நீண்ட சுரம் பிடித்திருக்கும் இடத்தில் என்ன செய்தாலும் ஒட்டுத் தெரியும். வேறிடம் பாருங்கள்.

மைக்குகளுக்கிடையிலான தூரத்தைச் சரிசெய்ய விரும்புவோருக்கு ஒரு கணக்கு: ஒரு மீற்றருக்கு ஒலி எடுப்பது ஏறத்தாழ 2.9 மில்லிசெக்கன், 48 கிலோஹேர்ட்ஸில் 140 சாம்பிள். தவிலின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனி மைக் வைத்திருந்தால் நகர்த்துவதற்கு முன் ஒன்றின் ஃபேஸைப் புரட்டி, அதாவது அலையைத் தலைகீழாக்கி, கேளுங்கள். பல தடவை அதுவே போதும்.

ஜெனரேட்டர் இரைச்சலுக்கு ரீப்பரோடு வரும் ரீஃபிர் எஃபெக்ட், சப்ட்ராக்ட் (கழித்தல்) நிலை. யாரும் பேசாத ஓரிரு செக்கனை ஓடவிட்டு இரைச்சல் மாதிரியைப் பிடித்ததும், மாதிரி பிடிக்கும் தெரிவில் இட்ட குறியை எடுத்துவிடுங்கள். மறந்தால் பாட்டையும் இரைச்சலென்று கற்றுக்கொண்டு தின்னும். 50 ஹேர்ட்ஸ் ஹம்மை (மின்சார முனகலை) ரீப்பரின் ரீஈக்யூ எஃபெக்டில் வெட்டலாம். ஜெனரேட்டரின் சுமை கூடக் குறைய அந்த எண் அசையும் என்பதால் வெட்டை மிக ஒடுக்கமாக வைக்க வேண்டாம்.

குரலைப் பிறகு தனியாகப் பல தடவை பாடிப் பதிபவர்களுக்கு ரீப்பரின் 7 ஆம் பதிப்பில் வந்த லேன் வசதி (ஒரே ட்ராக்குக்குள் ஒவ்வொரு தடவையும் தனி வரிசையில் நிற்பது) வேலையை இலகுவாக்குகிறது. மெனுக்கள்தான் முதலில் தலைசுற்ற வைக்கும். கேள்விக்குறி விசையை அழுத்தி ஆக்ஷன் பட்டியலில் தேடுவது மெனுவில் துழாவுவதைவிட வேகம். கீபோர்ட்டில் பாட்டமைப்பவர்கள் மட்டும் கியூபேஸை அழிக்காமல் வைத்திருங்கள்: ரீப்பரோடு வாத்தியச் சத்தத் தொகுப்பு எதுவும் வராது, தபேலா ஒன்று வேண்டுமென்றாலும் வெளியேதான் தேட வேண்டும்.