புயல் என்று சொல்லிக் காசை வைத்துக்கொண்டார்கள்: வாரங்கர் பறவைச் சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

வட நோர்வேயின் வாரங்கர் தீபகற்பத்துக்குக் குளிர்காலத்தில் பறவை பார்க்கப் போக யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மார்ச்சில் நானும் கணவரும் ஒரு நிறுவனத்தின் வழிகாட்டிச் சுற்றுலாவில் அங்கே போனோம். முறைப்பாடு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு யாரும் உங்களிடமும் செய்யலாம். முன்பதிவே செய்யாத ஒரு படகைப் புயலால் ரத்தாகிவிட்டது என்று சொன்னார்கள். அந்தப் படகுக்கு வாங்கிய காசையும் திருப்பித் தரவில்லை.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வாரங்கர் நோர்வேயின் வடகிழக்கு மூலை. அதன் முனையில் இருக்கும் வார்டோ என்ற தீவு நகரம் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது. 70 பாகைக்கும் வடக்கே இருந்தாலும், அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் கடற்கரை உறைவதில்லை. அதனால் சைபீரிய ஆர்க்டிக்கில் முட்டையிடும் கடல்வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. தலைக்கு மேல் செம்மஞ்சள் கேடயம் வைத்தது போன்ற கிங் ஐடர், அதைவிடச் சிறிய ஸ்டெல்லர் ஐடர், நீண்ட வாலுடைய ஹவெல்லெ, கப்பல்துறையிலேயே உட்கார்ந்திருக்கும் வெண்வால் கடற்கழுகு, அதிர்ஷ்டம் இருந்தால் ஜிர்ஃபால்கன் என்ற பெரிய வல்லூறு. 1741இல் பெரிங்கின் கப்பலில் அலாஸ்காவுக்குப் போன இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லரின் பெயரைத் தாங்கிய அந்தச் சிறிய வாத்து, உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவில் அதைக் கூட்டமாக, கிட்டத்தில் பார்க்க வாரங்கரைப் போல வசதியான இடங்கள் மிகக் குறைவு. ஒஸ்லோவில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விடுவதா என்று நாங்கள் வெகுகாலமாகக் காசு சேர்த்தோம்.

நிறுவனம் எழுத்தில் உறுதியளித்தது இவ்வளவு: அதிகபட்சம் ஆறு பேர், பறவை நிபுணரான வழிகாட்டி, எல்லோரும் பயன்படுத்த ஸ்கோப் (தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் தொலைநோக்கி), பாஸ்விக் பள்ளத்தாக்கில் பைன் குரோஸ்பீக் என்ற பறவை வரும் மறைவிடத்தில் (பறவைகளுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து பார்க்கும் இடம்) ஒரு காலை, போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகத்தில் மிதக்கும் மறைவிடத்தில் ஒரு காலை. கட்டணம் ஒருவருக்கு 30,000 குரோனருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மிதக்கும் மறைவிடத்துக்காகத்தான் இந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தோம். விடிவதற்கு முன்பே இருட்டில் படகில் கொண்டுபோய் அதில் இறக்கி விடுவார்கள். நீர்மட்டத்தோடு சமமாகக் கண் வைத்து உட்கார்ந்திருந்தால், வெளிச்சம் வர வர ஐடர் வாத்துகள் மிகக் கிட்ட வரும். போட்ஸ்ஃபியோர்டின் குளிர்காலப் பறவைப் படங்கள் பல இப்படி எடுத்தவைதான்.

கிர்கெனெஸ் விமான நிலையத்தில் எங்களை ஏற்ற வந்த வான் வண்டியில் ஒன்பது பேர் இருந்தோம். ஸ்கோப் இல்லை. பழுதாகிவிட்டது, நாளை வேறொன்று வரும் என்றார் வழிகாட்டி. அது வரவேயில்லை. நல்ல மனிதர், பனியில் வண்டி ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்குப் பறவை தெரியாது. சாதாரண ஐடரின் பெண் பறவையையும் கிங் ஐடரின் பெண் பறவையையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்களோடு வந்த ஒரு வயதான டச்சுத் தம்பதிதான் தங்கள் புத்தகத்தைத் திறந்து அலகின் வடிவத்தைக் காட்டி எல்லோருக்கும் விளக்கினார்கள். பாஸ்விக் மறைவிடம் என்று கூட்டிப்போனது ஒரு வீட்டுத் தோட்டத்துத் தீனிப்பெட்டி. அங்கே சிட்டுகள் வந்தன, குரோஸ்பீக் வரவில்லை. பறவை வராததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். மறைவிடம் என்று காசு வாங்கிவிட்டு அது இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

வாட்சோ என்ற கரையோர ஊரில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. துறைமுகத்தில் ஸ்டெல்லர் ஐடர் கூட்டம் ஒன்று இரை தேடிக்கொண்டிருந்தது. ஒன்று மூழ்கினால் மற்றதும் மூழ்கும், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் காணாமல் போய் மேலே வரும். பார்க்க அவ்வளவு அழகு. பறக்கும் படம் கிடைக்கட்டும் என்று வழிகாட்டி துறைமுக மேடையின் நுனிவரை ஓடிப்போய்க் கை தட்டினார். முழுக் கூட்டமும் எழும்பி வளைகுடாவுக்கு வெளியே போய்விட்டது. குளிர்காலத்தில் பகல் குறுகியது. அந்த நேரத்துக்குள் வயிற்றை நிரப்ப வேண்டிய பறவைகள் அவை. அவற்றை வீணாகப் பறக்க வைப்பது அவற்றின் உடம்பிலிருந்து எடுப்பதுதான். நான் அவரிடம் நேரே சொன்னேன். "மற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்" என்றார். காட்டு உயிர்களைத் தேவையில்லாமல் துன்புறுத்தக்கூடாது என்று நோர்வேயின் இயற்கைப் பல்வகைமைச் சட்டத்தில் 2009 முதல் எழுதியிருக்கிறது. பறவை காட்டிப் பிழைக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் போட்ஸ்ஃபியோர்ட். மலைமேல் போகும் அந்தச் சாலை குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படும். மூடாத நாட்களிலும் காற்று கடுமையாக இருந்தால் பனி வாரும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக விடுவார்கள். நாங்களும் தடைக்கம்பிக்கு முன்னால் நெடுநேரம் காத்திருந்து அப்படித்தான் போனோம். முன்னால் போகும் வண்டியின் விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அன்று ஒரு அரைநாள் போனது. அது உண்மையான வானிலை, அதற்காக நான் ஒரு குரோனர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மறைவிடத்துக்குப் போக நாலு மணிக்கே எழுந்து உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு நின்றோம். வழிகாட்டி வந்து, புயல் வருகிறதாம், படகுக்காரர் ரத்து செய்துவிட்டார், இது யாருடைய கையிலும் இல்லை என்றார். வெளியே பனி கூட விழவில்லை. சரி, கடலில் எப்படியோ என்று நினைத்துக்கொண்டோம். மத்தியானம் கடையில் பாண் வாங்கப் போனபோது ஒரு தமிழ் அண்ணையைச் சந்தித்தோம். போட்ஸ்ஃபியோர்ட், வார்டோ போன்ற ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளிலிருந்து எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள், தெரிந்திருப்பீர்கள். அவரும் அப்படி வந்தவர். எதற்கு இந்தக் குளிருக்குள் வந்தீர்கள் என்று கேட்டார், படகு ரத்தான கதையைச் சொன்னேன்.

"என்ன பிள்ளை சொல்றீர்? நான் காலமை வேலைக்குப் போகேக்கை படகு போனதே. அஞ்சாறு வெள்ளைக்காரர் பெரிய கமெராவோட ஏறினவை" என்றார்.

அவர் எங்களைச் சும்மா விட்டுவிடவில்லை. துறைமுகத்துக்கே கூட்டிக்கொண்டு போய், படகு நடத்துகிறவர்களிடம் தானே நோர்வே மொழியில் விசாரித்தார். படகு காலையில் போய் வந்திருக்கிறது. எங்கள் நிறுவனத்தின் பெயரில் அன்றைக்கு மட்டுமில்லை, அந்தக் கிழமை முழுவதிலும் எந்த முன்பதிவும் இல்லை. மறுநாளைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டோம். மார்ச் மாதம் முழுவதும் முன்கூட்டியே நிரம்பிவிடும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தரவுகளைத் தேடினேன். நோர்வே வானிலை நிறுவனம் ஒவ்வொரு நிலையத்திலும் அளந்த காற்றின் வேகத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறது, பழைய நாட்களுக்கும் பார்க்கலாம். அன்று காலை அந்தப் பகுதியில் காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டவில்லை. நோர்வேக் கணக்கில் 20.8 மீட்டருக்கு மேல் போனால்தான் சிறு புயல் என்றே சொல்வார்கள். மறைவிடம் இருப்பதோ திறந்த கடலில் இல்லை, ஃபியோர்டுக்குள் ஒதுங்கிய துறைமுகத்தில். வாரங்கரில் வானிலையைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை வைத்தே பிழைக்கிறார்கள்.

இந்தத் தரவையும், படகுக்காரர்கள் எழுதித் தந்த இரண்டு வரியையும் இணைத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, நல்லெண்ணத்தில் அடுத்த சுற்றுலாவில் பத்து வீதம் கழித்துத் தருகிறோம் என்று எழுதினார்கள். அவர்களோடு இன்னொரு தடவை எதற்குப் போகவேண்டும்?

இங்கே ஒரு சட்ட விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். தங்குமிடம், போக்குவரத்து, வழிகாட்டல் என்று சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது பொதிச்சுற்றுலா. நோர்வேயில் அதற்கான புதிய சட்டம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறையை ஒட்டி எழுதியது. படகு வேறொருவருடையதாக இருந்தாலும், உங்களுக்கு விற்ற நிறுவனம்தான் பொறுப்பு. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. யாராலும் தடுக்க முடியாத காரணத்தால் ஒரு சேவை நடக்கவில்லை என்றால், நட்டஈடு கேட்க முடியாது, ஆனால் நடக்காத சேவைக்குரிய விலைக்குறைப்பைக் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு. கனேரித் தீவில் கொரோனாக் கட்டுப்பாட்டால் விடுமுறை கெட்டுப்போன இரண்டு ஜேர்மன் பயணிகளின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதைத் தெளிவாகச் சொன்னது. அதாவது அன்று நிஜமாகவே புயல் அடித்திருந்தாலும் படகுக்கான பங்கை அவர்கள் குறைத்துத் தந்திருக்க வேண்டும். "இயற்கைக்குப் பொறுப்பில்லை" என்ற வரியைக் காட்டி உங்கள் வாயை அடைக்கப் பார்த்தால் இதை எழுதி அனுப்புங்கள். குறையைச் சுற்றுலா நடக்கும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுவதும் அவசியம். நாங்கள் அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பியது இப்போது உதவுகிறது.

முன்பதிவுக்கு முன்னால் பார்க்கவேண்டியதில் முதலாவது, நிறுவனம் ரைசெகாரன்டிஃபொண்டே என்னும் பயண உத்தரவாத நிதியத்தில் இருக்கிறதா என்பது. நோர்வேயில் பொதிச்சுற்றுலா விற்கிறவர் நிறுவனம் முறிந்துபோனாலும் உங்கள் காசு திரும்பிவர உத்தரவாதம் வைத்திருக்கவேண்டும், அந்த நிதியத்தின் பட்டியலில் பெயரைத் தேடலாம். காசைக் கடனட்டையில் கட்டுங்கள், சேவை நடக்காவிட்டால் வங்கியிடமும் கேட்க வழி இருக்கும். எங்களிடம் கணக்குக்கு நேரடியாகப் போடச் சொன்னார்கள், அட்டை ஏற்பதில்லை என்று. அப்படிச் சொல்லும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மறைவிடம், படகு என்று எது இருந்தாலும் யார் நடத்துகிறார், எந்தத் தேதி என்று எழுதி வாங்கி, அவர்களையே நேரே கேளுங்கள். வழிகாட்டியின் பெயரையும் கேளுங்கள். நோர்வேயில் வழிகாட்டி என்று யார் வேண்டுமானாலும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குச் சட்டப்படி எந்தத் தகுதியும் தேவையில்லை. பறவைகளைத் தெரிந்த நல்ல வழிகாட்டிகள் வாரங்கரிலேயே வாழ்கிறார்கள், கேட்டால் தாங்கள் பார்த்ததை எல்லாம் ஆசையாகச் சொல்வார்கள்.

தேதியையும் கவனியுங்கள். இதே நிறுவனம் முதலில் எங்களுக்கு டிசெம்பர் மாதத்தைத்தான் மலிவு விலையில் காட்டியது, "அதே பறவைகள், கூட்டம் குறைவு" என்று. வார்டோவில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி 20 அளவில்தான் திரும்ப முழுதாகத் தெரியும். அன்று கோட்டையில் பீரங்கி வெடித்துக் கொண்டாடுவார்கள். இடையில் இருப்பது சில மணிநேர நீல மங்கல் மட்டும். வாத்துகள் கடலில் இருக்கும், உங்களால் பார்க்க முடியாது. பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முற்பகுதிவரைதான் வெளிச்சமும் வாத்துகளும் சேர்ந்து கிடைக்கும் காலம். வார்டோவுக்கு எதிரே இருக்கும் ஹோர்னோயா தீவின் பாறைகளுக்குக் கில்லிமொட்டு என்ற கடற்பறவைகள் திரும்புவதும் மார்ச்சில்தான்.

அந்தச் சுற்றுலாவில் எங்களோடு வந்த டச்சுத் தம்பதியும் முறைப்பாட்டில் சேர்ந்திருக்கிறார்கள். வரும் மார்ச்சுக்கு ஏற்கெனவே எங்காவது காசு கட்டியிருந்தால், இன்றைக்கே போட்ஸ்ஃபியோர்ட் படகுக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, உங்கள் குழுவின் பெயர் அந்தத் தேதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதைச் சுற்றுலா தொடங்குமுன்பே உங்கள் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உறுதியளித்த முக்கியமான ஒன்றை அவர்களால் தரமுடியாது என்றால், அபராதம் இல்லாமல் ரத்து செய்து முழுக்காசையும் திரும்பக் கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.