பிசிபிஆர் கோர்ஸ்: பாடம் நல்ல பாடம், வருகிற நேரம்தான் தப்பு

மருத்துவ மேற்படிப்பான எம்.டி., எம்.எஸ். சேர்கிறவர்கள் தலையில் 2019-இல் இருந்து கட்டாயமாக வந்து உட்கார்ந்திருக்கும் கோர்ஸ் இந்த பிசிபிஆர் (BCBR), அதாவது மருத்துவ ஆய்வு செய்வது எப்படி என்று சொல்லித்தரும் அடிப்படைப் பாடம். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்துகிறது, மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் பார்க்கலாம். வீடியோவுக்குக் காசு கிடையாது, மையத்துக்குப் போய் எழுதுகிற தேர்வுக்குத்தான் கட்டணம். அசைன்மென்டில் பாதி மார்க், தேர்விலும் பாதி மார்க் வாங்கினால் சான்றிதழ் வந்துவிடும்.

பெரும்பாலான பிஜிக்கள் (மேற்படிப்பு மாணவர்கள்) இதை டியூட்டி ரூமில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஆனால் ஆய்வுக்கு எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்கிற சாம்பிள் சைஸ் பாடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் பக்கம் சாம்பிள் சைஸ் கணக்கு தலைகீழாக நடக்கிறது. முதலில் தீசிஸ் கைடு "நூறு கேஸ் போதும்பா" என்று சொல்லிவிடுவார், அப்புறம்தான் 4pq/d² சூத்திரத்தைத் தேடுவோம் (p நோய் எத்தனை சதவீதம் பேருக்கு, q நூறில் மீதி, d நாம் பொறுத்துக்கொள்கிற பிழை). நோயின் அளவு 20 சதவீதம், பிழை 5 சதவீதம் என்று போட்டால் 256 வருகிறது. அவ்வளவு கேஸுக்கு எங்கே போவது? பிழையை 8 என்று மாற்றிப் பாருங்கள், கச்சிதமாக 100! எத்திக்ஸ் கமிட்டியில் யாரும் அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அந்த எட்டுக்கு என்ன விலை என்று கோர்ஸ் பார்த்த பிறகுதான் உறைத்தது: 20 சதவீதம் என்று நாம் எழுதுகிற விடை உண்மையில் 12 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம்.

கேஸ் கன்ட்ரோல், கோஹார்ட் போன்ற ஆய்வு முறைகள் எல்லாம் எம்.பி.பி.எஸ்.ஸில் மனப்பாடம் செய்ததுதான். இங்கே நம் தீசிஸை மனதில் வைத்துக் கேட்டால் வேறு மாதிரி புரிகிறது. நெறிமுறைப் பாடத்தையும் தள்ளிவிட வேண்டாம்.

குறைக்கு வருவோம். பாடத்தின் மொத்தச் சாரமே 'முதலில் கேள்வி, அதற்கேற்ற முறை, அப்புறம் எண்ணிக்கை' என்பதுதான். துறையில் நடப்பது என்ன? சேர்ந்த சூட்டோடு தலைப்பு கையில் திணிக்கப்படும், அதுவும் சீனியர் செய்த தலைப்பில் ஒரு வார்த்தை மாற்றி. புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், கமிட்டிக்குப் போன பிறகுதான் நம்மில் பலர் இந்த வீடியோக்களைத் திறக்கிறோம். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது, ஜாதகம் பார்த்து என்ன பயன்? மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கிற ஆய்வு என்றால் இன்னும் சிக்கல். 2018 ஏப்ரலில் இருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ ஏற்கும். இது தெரியாமல் இருபது பேரைச் சேர்த்துவிட்டு முழித்தவர்கள் எங்கள் பேட்சிலேயே உண்டு.

இன்னொன்று, தேர்வு முழுக்க ஏபிசிடி விடை. டிக் அடிக்கத் தெரிந்தவருக்கு எல்லா நோயாளிகளின் விவரத்தையும் ஒரே அட்டவணையில் தொகுக்கிற மாஸ்டர் சார்ட் போடத் தெரியும் என்று சொல்ல முடியாது. எக்செல்லில் ஆண், பெண் என்பதை ஒரு வரியில் M என்றும் அடுத்ததில் male என்றும் அடித்து வைத்துவிட்டுக் கடைசி மாதம் புள்ளியியல்காரரிடம் கெஞ்சுகிற கதைக்கு இந்தச் சான்றிதழ் மருந்தில்லை. டேட்டாவைக் கையில் கொடுத்து ஒரு பயிற்சி வைத்தால் பாதிப் பேர் காசு கொடுத்து வெளியில் அனாலிசிஸ் வாங்க மாட்டார்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன், கழித்த ஒன்று ஏபிசிடிக்காக. புதிதாகச் சேர்கிறவர்கள் வரிசைப்படி பார்க்க வேண்டாம். ஆய்வுக் கேள்வி, சாம்பிள் சைஸ், புரோட்டோகால் இந்த மூன்றையும் கைடைப் பார்க்கப் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், மீதியை நைட் டியூட்டியில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், கோர்ஸில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்வது வேறு, அந்தக் கடைசித் தேதியை விட்டுவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.