கண்ணுக்குள் பரவிய தொற்றுக்கு மதுரை அரவிந்தில் பெற்ற சிகிச்சை

வேறோர் ஊரில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயாருக்கு, ஒரு வாரத்திற்குள்ளேயே அந்தக் கண்ணில் கடும் வலி எடுத்துப் பார்வை மங்கியது. கருவிழியின் அடியில் வெள்ளைக் கோடு போலச் சீழ் தேங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்த இடத்தில் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக் கொடுத்து, பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பொறுக்க மனம் வராமல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

விழித்திரைப் பிரிவு மருத்துவர் முதலில் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். அம்மாவால் முடியவில்லை. முகத்தருகே கையை அசைத்தார், அதுவும் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. சிகிச்சையின் திசையைத் தீர்மானிப்பது இந்த எளிய சோதனைதான். 420 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, கையசைவாவது தெரிந்தால் கண்ணுக்குள் மருந்து செலுத்துவதே பெரும்பாலும் போதும். வெளிச்சம் மட்டுமே தெரிபவர்களுக்கு உடனடி விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழை அகற்றும் அறுவை சிகிச்சை, தெளிவான பலன் தருகிறது. அன்றே அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளைவிழியில் மூன்று நுண்துளைகளிட்டு, சீழ் கலந்த அந்தக் கூழை (விட்ரியஸ்) வெட்டி உறிஞ்சி எடுத்து, அதன் மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்பினார்கள். பிறகு பாக்டீரியாவை அழிக்கும் மருந்துகளான வான்கோமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராமும் தனித்தனி ஊசிகளில் கண்ணுக்குள்ளேயே செலுத்தப்பட்டன. சொட்டு மருந்தோ நரம்பு வழி மருந்தோ அந்த இடத்தைப் போதிய அளவில் சென்றடைவதில்லை என்பதே காரணம்.

என் மதிப்பில் மிக உயர்ந்து நிற்பது அவர்களுடைய நேர்மையான பேச்சு. "கண்ணைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாதும்மா" என்று அம்மாவிடமே நேராகச் சொன்னார் மருத்துவர். இன்று அந்தக் கண்ணில் 6/36 வரை தெரிகிறது, அதாவது இயல்பான கண் 36 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டரிலிருந்து காண்கிறார். ஆட்களை அடையாளம் கண்டுகொள்கிறார், செய்தித்தாள் படிக்க இயலவில்லை. தொற்றின் தீவிரத்தை நினைத்தால் இதை நல்ல விளைவு என்றே கருதுகிறேன்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள், முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைச் செலுத்துவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அரவிந்த் மருத்துவமனைகளின் ஏறத்தாழ 6 லட்சம் அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இம்மருந்து செலுத்தப்பட்டவர்களிடையே இத்தொற்று 0.07 சதவீதத்துக்குப் பதிலாக 0.02 சதவீதமாகவே இருந்தது. அறுவைக்குப் பின் வலி கூடினாலோ பார்வை குறைந்தாலோ, அன்றைக்கே விழித்திரைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.