எகிப்துக்கு நூல் அனுப்புறவங்களுக்கு: கார்கோஎக்ஸ் எப்படி இருக்கு?

கோயம்புத்தூர்ல ஒரு பருத்தி நூல் ஏற்றுமதி கம்பெனியில டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். எகிப்து பார்ட்டி இருந்தா கார்கோஎக்ஸ் இல்லாம முடியாது. சரக்கு ஆவணங்களை ஆன்லைன்ல அனுப்புற ஸ்லோவேனியா நாட்டு சர்வீஸ் இது. பிளாக்செயின்ல, அதாவது பின்னாடி யாரும் சுலபமா மாத்த முடியாத பொதுப் பதிவேட்டுல ஓடுது.

நாங்க இதுக்குள்ள வந்தது பிளாக்செயின் மேல உள்ள ஆசையில இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் கடல்வழி இறக்குமதிக்கு எகிப்து கஸ்டம்ஸ் இதைக் கட்டாயமாக்கிடுச்சு. அங்கே வாங்குறவர் எகிப்து கஸ்டம்ஸோட நஃபேசா தளத்துல 19 இலக்க ஏசிஐடி நம்பர் (சரக்கை முன்கூட்டியே பதிவு பண்ணினதுக்கான அடையாள எண்) வாங்கித் தரணும். அந்த நம்பர் இன்வாய்ஸ்லயும் பி.எல்.லயும் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது, பில் ஆஃப் லேடிங்) வரணும். அது இல்லாத சரக்குக்கு அங்கே இடமில்லை. அவ்வளவுதான், முதலாளி மறுபேச்சில்லாம கையெழுத்துப் போட்டார்.

இதோட டிரேட்லென்ஸை வெச்சுப் பாருங்க. கப்பல் சரக்கு விவரங்களைப் பகிர்ந்துக்க கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018ல கொண்டுவந்த தளம் அது. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் மாதிரி பெரிய கப்பல் லைன்கள் சேர்ந்தும், 2022 நவம்பர்ல மூடப்போறதா அறிவிச்சாங்க. துறை முழுக்க ஒத்துழைப்பு கிடைக்கலைன்னு அவங்களே சொன்னாங்க. போட்டிக் கம்பெனி நடத்துற தளத்துல தன் சரக்கு விவரத்தைப் போட யாருக்குத்தான் மனசு வரும்? இத்தனைக்கும் அங்கேயும் பிளாக்செயின்தான். கட்டாயம்தான் இல்லை.

பயன்படுத்த எளிதுதான். ஈமெயில் அனுப்பத் தெரிஞ்சவங்க பழகிடலாம். பிளாக்செயின் எங்கே இருக்குன்னே கண்ணுக்குத் தெரியாது, அதுவே நல்லது. அனுப்பின ஆவணம் யார் கையில இருக்குன்னு பதிவு நிக்கும். "வரவே இல்லை"ன்னு பார்ட்டி சாதிக்க முடியாது.

குறை என்னன்னா, வேலை குறையலை, கூடிடுச்சு. எல்.சி.ல (வாங்குறவர் பேங்க் பணத்துக்குத் தர்ற உத்தரவாதக் கடிதம்) "ஒரிஜினல் பி.எல். மூணும்"னு இருந்தா பேங்க் காகிதத்தைத்தான் கேட்கும். பிளாக்செயின்ல இருக்கு சார்னு சொல்லிப் பாருங்க, மேனேஜர் முகம் போற போக்கைப் பார்க்கலாம். அதனால இங்கே அப்லோடு, அங்கே கூரியர், ரெண்டும் ஓடுது. இங்கிலாந்து 2023லேயே மின்னணு வணிக ஆவணங்களுக்குத் தனிச் சட்டம் போட்டுக் காகிதத்துக்குச் சமமான மதிப்பு கொடுத்துடுச்சு. பேங்க் மனசு மாற அந்த மாதிரி ஏதாவது வேணும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூணரை. புதுசா சேர்றவங்க, ஏசிஐடிக்கு பார்ட்டி கொடுக்கிற உங்க பதிவு எண்ணும் கார்கோஎக்ஸ் கணக்குல இருக்கிற எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணான்னு முதல்ல பாருங்க. அனுப்புற கட்டணம் நம்ம தலையிலதான், கிலோ விலை பேசும்போதே சேர்த்துடுங்க.